சாலை போகாத கரையிலே ஒரு கட்டுமர உலா

கவாய் தீவைக் காரில் ஏறி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்துவிட முடியாது. வடக்கே போகும் சாலை கேயே என்னும் கடற்கரையில் நின்றுவிடுகிறது. மேற்கே போகும் சாலை போலிஹாலே மணல்வெளியோடு முடிந்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 17 மைல் நீளத்துக்கு மலைதான் இருக்கிறது. மெல்லச் சரிந்து இறங்கும் மலை அல்ல. அரிவாளால் வெட்டி நிறுத்தியது போலக் கடலுக்குள் நேரே இறங்கும் பாறைச் சுவர். சில இடங்களில் அதன் உயரம் 4,000 அடி!

இந்தப் பாறைச் சுவருக்கு ஹவாய் மொழியில் 'நா பாலி' என்று பெயர். செங்குத்துப் பாறைகள் என்பதே அதன் பொருள். அதைக் காண மூன்றே வழிகள் உண்டு. காலில் வலு உள்ளவர்கள் 11 மைல் ஒற்றையடிப் பாதையில் நடக்கலாம். பையில் கனம் உள்ளவர்கள் ஹெலிகாப்டரில் பறக்கலாம். மற்றவர்களுக்குக் கடல் இருக்கிறது. காலையில் புறப்பட்டு, பாறைகளை ஒட்டியே சென்று, பகல் சாப்பாட்டையும் படகிலேயே முடித்துக்கொண்டு, பிற்பகலுக்குள் திரும்பிவிடலாம். இந்த அரை நாள் பிரயாணத்துக்காகவே ஆயிரக்கணக்கானவர்கள் பசிபிக் மகாசமுத்திரத்தின் நடுவிலுள்ள அந்தத் தீவைத் தேடி வருகிறார்கள்.

அவர்களை ஏற்றிச் செல்லும் படகுக்கு அங்கே என்ன பெயர் தெரியுமா? 'கட்டமரான்'. நம் கட்டுமரமேதான்!

சென்னையில் ஏறிய சொல்

கட்டுமரம் என்ற சொல் கடல் கடந்து போன கதை சுவையானது. வில்லியம் டாம்ப்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி 1690ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்தார். சோழமண்டலக் கரையில் மீனவர்கள் லேசான மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்து, அவற்றின் மேல் அமர்ந்து பேரலைகளைத் தாண்டிச் செல்வதைக் கண்டார். 1697ஆம் ஆண்டில் வெளிவந்த தமது பிரயாண நூலில் அதைப் பற்றி எழுதினார். அன்றிலிருந்து அந்தச் சொல் ஆங்கிலத்தில் குடியேறிவிட்டது.

ஆனால், சொல் போன இடத்தில் பொருள் மாறிவிட்டது. நம் மீனவர்களின் கட்டுமரம் மூன்று நான்கு மரங்களைச் சேர்த்துக் கட்டியது. அதற்கு உள்பள்ளம் கிடையாது; தண்ணீர் ஏறும், உடனே வடிந்துவிடும். வேலை முடிந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைக் காயப் போடுவார்கள். மேல்நாட்டார் இன்று கட்டமரான் என்று சொல்வதோ இரண்டு ஒடுங்கிய படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, நடுவே தளம் போட்டு இணைத்த கலம்.

இந்த இரட்டைப் படகு பசிபிக் தீவு மக்களின் பழைய சொத்து. எஞ்சினும் திசைகாட்டியும் இல்லாத காலத்தில், இத்தகைய படகுகளில் பாய் விரித்து, ஆண்களும் பெண்களும், பன்றியும் கோழியும், சேம்பும் வாழைக்கன்றுமாக வந்தே அவர்கள் ஹவாய்த் தீவுகளில் குடியேறினார்கள்.

மேல்நாட்டாருக்கு இதன் அருமை தாமதமாகத்தான் விளங்கிற்று. நதானியல் ஹெரஷாஃப் என்ற அமெரிக்கர் 1876ஆம் ஆண்டில் 'அமரில்லிஸ்' என்ற இரட்டைப் படகைக் கட்டி, நியூயார்க் பந்தயத்தில் மற்றப் படகுகளை எல்லாம் பின்னுக்குத் தள்ளினார். பரிசு பெற்றதற்குப் பலன், அந்த வகைப் படகுகளைப் பந்தயத்திலிருந்தே விலக்கிவிட்டார்கள்! பிறகு 1947ஆம் ஆண்டில் ஹவாயில் உட்டி பிரவுன் என்பவர் தம் நண்பர்களுடன் சேர்ந்து 'மானு காய்' என்ற இரட்டைப் படகைக் கட்டினார். கடற்பறவை என்று பொருள்படும் அந்தப் படகே இன்றைய உல்லாசக் கட்டமரான்களுக்கு முன்னோடி.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள்

கவாயின் தென்கரையில் ஹனபேபே ஊருக்கு அருகே போர்ட் ஆலன் என்ற சிறு துறைமுகம் இருக்கிறது. பெரும்பாலான கட்டமரான்கள் இங்கிருந்தே கிளம்புகின்றன. பொழுது விடிந்து சிறிது நேரத்துக்கெல்லாம் பிரயாணிகள் கூடிவிடுகிறார்கள். படகு 55 அடி முதல் 65 அடி வரை நீளம் இருக்கும். ஏறக்குறைய 50 பேர் ஏறலாம். பல படகுகளில் செருப்பைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். கோயிலுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை.

படகுத் தலைவர் முதலில் சொல்வது எச்சரிக்கைதான். மிதவைச் சட்டை எங்கே இருக்கிறது, அலை வரும்போது எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும், தலை சுற்றினால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று விளக்குகிறார். இரட்டைப் படகு அகலமானதால் ஒற்றைப் படகைப் போல ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து ஆடாது. இருந்தாலும் மகாசமுத்திரம் மகாசமுத்திரமே. வயிறு இடம் கொடுக்காதவர்கள் முன்கூட்டியே மாத்திரை போட்டுக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

மேனியில் தடவிக்கொள்ளும் வெயில் களிம்புக்கும் அங்கே சட்டம் உண்டு. சில களிம்புகளிலுள்ள இரண்டு ரசாயனப் பொருள்கள் பவளப் பாறைகளுக்குக் கேடு விளைவிக்கின்றன என்று கண்டு, அவை கலந்த களிம்புகளை விற்பதை 2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஹவாய் அரசாங்கம் தடை செய்துவிட்டது.

விற்காத உப்பு

படகு மேற்கு முகமாகத் திரும்பியதும் வலப்பக்கம் தாழ்வான சிவப்பு நிலம் தெரிகிறது. ஹனபேபேயின் உப்பளம் அதுதான். செம்மண்ணைக் குழைத்துப் பாத்தி கட்டி, கடல் நீரைக் காயவைத்து, சில குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக உப்பு விளைவிக்கிறார்கள். வேதாரணியத்தையும் தூத்துக்குடியையும் அறிந்தவர்களுக்கு இது புதிய காட்சி அல்ல. ஆனால், ஒரு வித்தியாசம். இந்த உப்பை விற்பது அவர்கள் மரபில் இல்லை. உறவினருக்கும் நண்பருக்கும் கொடுப்பார்கள், பண்டமாற்றாகவும் தருவார்கள், காசுக்கு மட்டும் தருவதில்லை.

அதைத் தாண்டினால் வைமேயா. 1778 ஜனவரி 20ஆம் தேதி காப்டன் ஜேம்ஸ் குக் ஹவாய் மண்ணில் முதன்முதலாகக் கால் வைத்த இடம் இது. அதன் பிறகு வெள்ளைக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். வைமேயா ஆற்றங்கரையில் ருஷ்யக் கம்பெனியார் எழுப்பிய கோட்டையின் கற்கள் இன்றும் கிடக்கின்றன.

கவாய் மக்களுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. ஹவாய்த் தீவுகளை எல்லாம் போரில் வென்று ஒரு குடைக்கீழ் கொண்டுவந்த காமேஹாமேஹா மன்னனால் கவாயை மட்டும் போரிட்டுப் பிடிக்க முடியவில்லை. 1796ஆம் ஆண்டில் அவன் படகுகளைக் கடலே திருப்பி அடித்துவிட்டது. பிறகு ஒரு முறை கொள்ளைநோய் அவன் படையைக் கலைத்தது. முடிவில் 1810ஆம் ஆண்டில் கவாய் மன்னன் காவுமுவாலீ சமாதானமாகவே அவன் தலைமையை ஏற்றுக்கொண்டான்.

இடப்பக்கம் அடிவானத்தில் நீல நிறத்தில் ஒரு தீவு மிதக்கிறது. நீஹாவ் என்று பெயர். கவாயிலிருந்து 17 மைல். 1864ஆம் ஆண்டில் ஐந்தாம் காமேஹாமேஹா மன்னன் அந்தத் தீவை 10,000 டாலருக்கு எலிசபெத் சின்க்ளேர் என்ற அம்மையாருக்கு விற்றுவிட்டான். அவருடைய சந்ததியாருக்கே அது இன்றும் சொந்தம். அழைப்பில்லாமல் அங்கே யாரும் போக முடியாது. ஹவாய் மொழியைத் தாய்மொழியாக வீட்டில் பேசும் சமூகம் விட்டுப் போகாமல் வாழ்ந்து வருவது அந்தத் தீவிலேதான்.

குரைக்கும் மணல்

அடுத்து நீண்ட மணற்கரை வருகிறது. காலால் தேய்த்தால் இந்த மணல் ஒரு விதமாகச் சத்தமிடுமாம். அதனால் 'குரைக்கும் மணல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அமெரிக்கக் கடற்படையின் ஏவுகணைச் சோதனைத் தளம் இங்கே இருக்கிறது. அதன் முடிவில் போலிஹாலே. இறந்தவர்களின் ஆவிகள் மறுஉலகத்துக்குப் புறப்படும் துறை இதுவே என்பது பழைய ஹவாய் மக்களின் நம்பிக்கை. சூரியன் மறையும் திசையல்லவா!

போலிஹாலேயைத் தாண்டியதும் நிலமே மாறிவிடுகிறது. சமவெளி மறைகிறது, மலை எழுந்து நிற்கிறது. காற்றின் வேகமும் கூடுகிறது. அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயடைத்துப் போகிறார்கள்.

ஐம்பது லட்சம் வருஷம்

ஹவாயின் பெரிய தீவுகளில் மிகப் பழையது கவாய். கடலுக்கடியிலிருந்து எரிமலைக் குழம்பு பொங்கி அது உருவாகி ஏறக்குறைய 50 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அன்று முதல் மழையும் அலையும் அதைச் செதுக்கி வருகின்றன.

தீவின் நடுவே வையாலேயாலே என்ற சிகரம். உலகத்தில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. ஆண்டுச் சராசரி 370 அங்குலத்துக்கு மேல்! சென்னையின் ஆண்டு மழை சுமார் 55 அங்குலம் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் அளவு விளங்கும். அதே தீவின் மேற்கு ஓரத்தில் பெய்வதோ 20 அங்குலம் அளவில்தான். வடகிழக்கிலிருந்து வரும் காற்று தன் ஈரத்தை எல்லாம் மலையில் கொட்டிவிட்டு, மறுபக்கம் வெறுங்கையோடு இறங்குகிறது.

மலையில் பெய்த மழை, பாறைகளின் உச்சியிலிருந்து அருவியாக விழுகிறது. அடியிலிருந்து அலைகள் குடைகின்றன. அதனால் பாறைச் சுவர் மடிப்பு மடிப்பாக, பட்டுச் சேலையின் கொசுவம் போல நிற்கிறது. சிவப்பு, பச்சை, கறுப்பு என்று மடிப்புக்கு ஒரு நிறம். அடியில் குகைகள் வாய் பிளந்திருக்கின்றன. கோடையில் கடல் அமைதியாக இருக்கும்போது சிறிய ரப்பர் படகுகள் அவற்றுக்குள் நுழைந்து வருவதுண்டு. பெரிய கட்டமரான் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடும்.

ஹொனோபூ என்ற இடத்தில் பாறையைக் குடைந்து அலைகள் பெரிய தோரண வாயில் ஒன்றை அமைத்திருக்கின்றன. 1976ஆம் ஆண்டில் வெளிவந்த 'கிங்காங்' படத்தின் சில காட்சிகள் அங்கே எடுக்கப்பட்டன. அந்தக் கரையில் படகு ஒதுங்கக் கூடாது. போக விரும்புகிறவர்கள் நீந்தித்தான் போக வேண்டும்.

மனிதர் வாழ்ந்த சுவடு

இந்தப் பாறைகளுக்கிடையே மனிதர் எப்படி வாழ்ந்திருப்பார்கள் என்று தோன்றும். வாழ்ந்தார்கள், அதுவும் பல நூற்றாண்டு காலம்!

நுவலோலோ என்ற இடத்தில் பவளப் பாறை ஒரு வேலி போல அலையைத் தடுக்கிறது. அதன் உள்ளே படகை நிறுத்தலாம். அங்கே மீனவர் கிராமம் இருந்தது. ஹானலூலு நகரிலுள்ள பிஷப் அருங்காட்சியகத்தார் 1958ஆம் ஆண்டு தொடங்கிப் பல வருஷங்கள் அங்கே அகழ்ந்து பார்த்தார்கள். தூண்டில் முட்களும், பாயும், கயிறும், உண்ட மிச்சங்களும் மண்ணுக்கடியில் வறண்டு கெடாமல் கிடைத்தன. அடுத்த பள்ளத்தாக்கில் சேம்பு வயல்; இங்கே மீன். இரண்டுக்கும் நடுவே செங்குத்துப் பாறையில் ஏணி வைத்து ஏறி இறங்கிப் போய்வந்தார்கள். கடைக்குப் போவது போல அவர்களுக்கு அது நித்திய வேலை.

திருவிழாக் காலத்தில் அவர்கள் செய்த வாணவேடிக்கையும் விசேஷமானது. உலர்ந்த லேசான மரக்கட்டைகளில் தீ மூட்டி, மலையுச்சியிலிருந்து இரவில் வீசுவார்கள். கீழிருந்து மேலெழும் காற்று அவற்றைத் தாங்கிக் கடல் மேல் வெகுதூரம் கொண்டு போகும். கீழே படகுகளில் கூட்டம் கூடி அண்ணாந்து பார்க்கும். வெடிமருந்து இல்லாத வாணம்!

இந்தப் பள்ளத்தாக்குகளில் வாழ்ந்தவர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒவ்வொருவராக வெளியேறிவிட்டார்கள். பள்ளிக்கூடமும் வேலையும் கடையும் சாலை உள்ள இடத்தில் இருந்தன. சாலை இல்லாத ஊர் காலியாயிற்று.

பீலானியின் கதை

நா பாலிக் கரையில் மிகப் பெரிய பள்ளத்தாக்கு கலலாவ். மலைச் சிகரங்கள் கோபுர வரிசை போல மூன்று பக்கமும் நிற்க, நடுவே பச்சை நிலம் கடல் வரை இறங்குகிறது. பல படகுகள் இதுவரை வந்துதான் திரும்புகின்றன. படகுத் தலைவர் வேகத்தைக் குறைத்து ஒரு கதை சொல்லுவார். கட்டிய கதை அல்ல, நடந்தது.

கவாயின் மேற்குக் கரையில் கெகாஹா என்ற ஊர். அங்கே கோலாவ் என்ற மாடு மேய்க்கும் வீரன் இருந்தான். குதிரைச் சவாரியிலும் குறி பார்த்துச் சுடுவதிலும் சூரன். 1881ஆம் ஆண்டில் பீலானி என்ற பெண்ணை மணந்தான். கலேமானு என்று ஒரு மகன் பிறந்தான். சில வருஷங்களில் கோலாவின் உடலில் தொழுநோயின் அடையாளம் தெரிந்தது. பிறகு மகனுக்கும் தெரிந்தது.

அந்தக் காலத்தில் அந்த நோய்க்கு மருந்து கிடையாது. சட்டம்தான் இருந்தது. 1865ஆம் ஆண்டில் இயற்றிய சட்டப்படி, நோய் கண்டவர்களைப் பிடித்து மொலோகாய் தீவிலுள்ள கலாவ்பாப்பாவுக்கு அனுப்பிவிடுவார்கள். போனவர்கள் திரும்புவதில்லை. 1866 முதல் 1969 வரை ஏறக்குறைய 8,000 பேர் அவ்வாறு அனுப்பப்பட்டார்கள்.

கோலாவ் போக மறுக்கவில்லை. பீலானியும் கூட வரலாம் என்றால் போகிறேன் என்றான். அதற்கு அனுமதி கிடைக்காது என்று தெரிந்ததும்தான் அவன் மனம் மாறியது. நோயிலும் பிரிவதில்லை என்று மணநாளில் சொன்ன வாக்கை எந்தச் சட்டம் உடைக்கலாம் என்று கேட்டான். இரவோடு இரவாக மனைவியையும் மகனையும் அழைத்துக்கொண்டு, செங்குத்து மலையில் இறங்கிக் கலலாவ் பள்ளத்தாக்குக்குப் போய்ச் சேர்ந்தான். அங்கே வேறு சில நோயாளிகளும் ஒளிந்து வாழ்ந்தார்கள். ஊர் மக்கள் அவர்களுக்கு ஆதரவாக இருந்தார்கள்.

1893 ஜனவரியில் ஹவாயின் ராணி லிலியுவோகலானி அரசை இழந்தார். புதிதாக வந்த சர்க்கார் கண்டிப்புக் காட்டத் துணிந்தது. ஜூன் மாதம் லூயி ஸ்டோல்ஸ் என்ற போலீஸ் அதிகாரி கோலாவைப் பிடிக்கப் பள்ளத்தாக்கில் இறங்கினார். 27ஆம் தேதி இரவு கோலாவின் குண்டுக்குப் பலியானார். சில நாட்களில் பீரங்கியுடன் சிப்பாய்கள் கப்பலில் வந்து இறங்கினார்கள். வீடுகள் எரிந்தன. மற்ற நோயாளிகளைப் பிடித்துச் சென்றார்கள். கோலாவ் மட்டும் ஒரு குறுகிய பாறை முனையில் துப்பாக்கியுடன் நின்றான். ஏறி வந்த சிப்பாய்களில் இருவர் அவன் குண்டுக்கு இறந்தார்கள். பீரங்கியால் சுட்டுப் பார்த்தார்கள். புகை அடங்கிப் போய்ப் பார்த்தபோது, அங்கே யாரும் இல்லை! முன்னமேயே மூவரும் வேறிடம் போய்விட்டார்கள். சிப்பாய்கள் வெறுங்கையோடு கப்பலேறினார்கள்.

அதன் பிறகு ஏறக்குறைய மூன்று வருஷம் அந்தக் குடும்பம் காட்டிலேயே வாழ்ந்தது. ஓடை மீனும் காட்டுப் பழமும் பழைய சேம்பு வயலில் தானாக முளைத்ததுமே ஆகாரம். முதலில் மகன் கண் மூடினான். பிறகு கணவன். இருவரையும் பீலானியே தன் கையால் குழி தோண்டிப் புதைத்தாள். கோலாவின் துப்பாக்கியை அவன் பக்கத்திலேயே வைத்தாள். இடம் தெரியாதபடி மேலே செடியை நட்டு மறைத்தாள். பிறகு, எந்த மலையில் மூவராக இறங்கினாளோ, அதே மலையில் ஒருத்தியாக ஏறித் தன் ஊருக்குத் திரும்பினாள். அவளுக்கு நோய் தொற்றவே இல்லை.

வெகுநாள் அவள் வாய் திறக்கவில்லை. பின்னர் ஜான் ஷெல்டன் என்ற எழுத்தாளரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். 1906ஆம் ஆண்டில் அது ஹவாய் மொழியில் நூலாக வந்தது. ஜாக் லண்டன் என்ற பெயர்பெற்ற ஆசிரியரும் கோலாவைப் பற்றி ஒரு சிறுகதை எழுதினார். அது உலகமெங்கும் பரவியது. ஆனால், அதில் கோலாவ் தனி ஆளாகச் சாகிறான், பீலானிக்கு இடமில்லை. உண்மையை உலகம் அறிந்தது, அந்தப் பெண்ணின் வாய்மொழி நூலால்தான்.

பிறகு மருந்து வந்தது. 1940களில் தொழுநோய்க்கு ஸல்போன் வகை மருந்துகள் புகுந்தன. செங்கற்பட்டை அடுத்த தொழுநோய் மருத்துவமனையில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் அந்த வகை மருந்தில் செய்த ஆராய்ச்சி உலகப் புகழ் பெற்றது. இன்று தொழுநோய் முற்றிலும் குணமாகும் நோய். யாரையும் யாரிடமிருந்தும் பிரிக்க வேண்டியதில்லை. கலாவ்பாப்பாவுக்கு அனுப்பும் சட்டம் 1969ஆம் ஆண்டில் ஒழிந்தது. கோலாவின் சமாதி எங்கே இருக்கிறது என்று மட்டும் இன்றளவும் யாருக்கும் தெரியாது. பீலானி விரும்பியதும் அதுதான்.

தூங்கும் டால்பின்கள்

கதை முடிந்ததும் படகு திரும்புகிறது. பவளப் பாறை உள்ள ஓர் அமைதியான இடத்தில் நங்கூரம் போடுகிறார்கள். கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு, நீந்தத் தெரிந்தவர்கள் குதிக்கலாம். பச்சைக் கடலாமைகள் பயமில்லாமல் பக்கத்தில் வந்து போகும். ஹவாயின் மாநில மீனுக்குப் பெயர் ஹுமுஹுமுநுகுநுகுவாபுவாவா. மீன் என்னவோ உள்ளங்கை அளவுக்குச் சற்று அதிகம். பெயர்தான் படகு நீளம்!

டால்பின்கள் கூட்டமாகத் துள்ளுவது இந்தக் கரையில் அன்றாடக் காட்சி. காற்றில் எழும்பி, பம்பரம் போலச் சுழன்று விழும். முன்பெல்லாம் அவற்றோடு நீந்துவதற்கென்றே ஜனங்கள் குதித்தார்கள். 2021 அக்டோபரிலிருந்து அது குற்றம். இவ்வகை டால்பினை 50 கெஜ தூரத்துக்குள் நெருங்கக் கூடாது. காரணம் நியாயமானதே. இவை இரவெல்லாம் ஆழ்கடலில் இரை தேடிவிட்டுப் பகலில் கரையோரம் வந்து இளைப்பாறுகின்றன. இரவு வேலை பார்த்துவிட்டு வந்து படுத்தவனைப் பகலெல்லாம் விருந்தாளிகள் எழுப்பினால் அவன் கதி என்னவாகும்?

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அலாஸ்காவிலிருந்து 3,000 மைல் நீந்தித் திமிங்கிலங்கள் வருகின்றன. இந்த வெதுவெதுப்பான நீரில்தான் அவை குட்டி போடுகின்றன. அவற்றுக்கு எல்லை 100 கெஜம்.

மனிதர்களுக்கும் எல்லை போட வேண்டி வந்தது. 2018 ஏப்ரலில் கவாயின் வடகரையில் 24 மணி நேரத்தில் 49.69 அங்குலம் மழை கொட்டியது. அமெரிக்காவிலேயே அதுவரை அளந்ததில் அதுதான் அதிகம். சாலை உடைந்து, கேயே கடற்கரைப் பக்கம் ஓராண்டுக்கு மேல் மூடிக் கிடந்தது. கூட்டம் இல்லாத அந்த நாட்களில் உள்ளூர்க்காரர்கள் தங்கள் பழைய ஊரைத் திரும்பக் கண்டார்கள். 2019 ஜூனில் திறந்தபோது, நாள் ஒன்றுக்கு வெளியூர்ப் பிரயாணிகள் 900 பேருக்கு மேல் கூடாது என்று விதித்துவிட்டார்கள்.

பாய் விரிகிறது

நா பாலிக் கரையை விட்டுத் திரும்பும்போது காற்று பின்னாலிருந்து வருகிறது. எஞ்சின் சத்தம் குறைகிறது, பாய் விரிகிறது. இரண்டு மூக்குகளும் தண்ணீரைக் கிழிக்கும் ஓசை மட்டும் கேட்கிறது. இரட்டைப் படகின் பெருமை இப்போதுதான் தெரியும்.

இந்தப் பெருமையை உலகுக்கு நிரூபிக்க ஹவாய் மக்கள் 1975ஆம் ஆண்டில் 'ஹோகுலேயா' என்ற 62 அடி இரட்டைப் படகை முன்னோர் முறையில் கட்டிக் கடலில் இறக்கினார்கள். ஆணி அடித்து இணைக்காமல் கயிற்றால் கட்டிய படகு. ஆம், கட்டிய மரமே! 1976ஆம் ஆண்டில் மாவ் பியாய்லுக் என்ற மாலுமி, நட்சத்திரமும் அலையும் பறவையுமே துணையாக, ஒரு கருவியும் இல்லாமல் ஏறக்குறைய 2,500 மைல் தாண்டி அதைத் தாஹிதித் தீவில் சேர்த்தார். முன்னோர்கள் காற்றில் அடித்துச் செல்லப்பட்டுத் தற்செயலாகக் கரையேறியவர்கள் என்று சொல்லி வந்த பண்டிதர்கள் மௌனமானார்கள்.

1978ஆம் ஆண்டுப் பிரயாணத்தில் அதே படகு புயலில் கவிழ்ந்தது. எடி ஐகாவ் என்ற வாலிபர் அலைப்பலகை ஒன்றில் ஏறி உதவி தேடிப் போனார். மற்றவர்கள் மீட்கப்பட்டார்கள். அவர் மட்டும் திரும்பவில்லை. கடலோடு விளையாடுகிறவர்கள் கடலை மறந்துவிடக் கூடாது என்பதற்கு அவர் பெயரே அங்கே பாடம்.

அதனாலேயே நா பாலி உலாவிலும் படகுத் தலைவரின் வார்த்தைக்கு அப்பீல் இல்லை. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து 20 அடிக்கு மேல் அலை எழுவதுண்டு. அன்று உலா ரத்தாகலாம், பாதியில் திரும்பலாம். கோடை மாதங்களே இந்தப் பிரயாணத்துக்கு உகந்தவை. மே முதல் செப்டம்பர் வரை என்று வைத்துக்கொள்ளலாம். தொப்பி, மாற்றுத் துணி, குளிர் தாங்கும் மேல்சட்டை ஆகியவை அவசியம். காலை உணவைக் கொஞ்சமாக முடித்துக்கொள்வது நல்லது.

மறுநாள் ஒரு கோயில்

கவாய் வரை போகும் தமிழர்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. தீவின் கிழக்குப் பக்கத்தில் வைலுவா ஆற்றங்கரையில் கவாய் ஆதீனம் இருக்கிறது. யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளிடம் 1949ஆம் ஆண்டில் தீட்சை பெற்ற அமெரிக்கரான சிவாய சுப்பிரமுனியசுவாமி 1970ஆம் ஆண்டில் நிறுவிய சைவ மடம் அது. அங்கே எழுந்திருப்பது சோழர் பாணியில் அமைந்த வெண்கருங்கல் கோயில். கற்களைப் பெங்களூர்ப் பக்கத்தில் சிற்பிகள் உளியால் செதுக்க, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து அடுக்கினார்கள். 2023ஆம் ஆண்டு மார்ச்சில் குடமுழுக்கு நடந்தது. கோயிலின் பெயர் 'இறைவன் கோயில்'.

நம் கரைகளில் கட்டுமரத்தைக் காண்பது அரிதாகிவிட்டது. கண்ணாடி இழைப் படகும் மோட்டாரும் வந்த பிறகு, மரத்தைத் தேடிக் கட்டுவாரும் குறைந்துவிட்டார்கள். சொல் மட்டும் உலகம் சுற்றுகிறது. கவாயில் முதல் நாள் தமிழ்ப் பெயர் கொண்ட படகில் ஏறி, மறுநாள் தமிழ்ப் பெயர் கொண்ட கோயிலில் கும்பிட்டுவிட்டு வரலாம். இரண்டிலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும்!